சிகர எண் 213: முதல் ஏற்றம் குறித்த அறிக்கை

மலைகள் பல கோடி ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தாலும், அவை முறைப்படி மலைகளானது போன மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்குத்தான். அதுவரை அவை வெறும் மேடுகள். மழை பெய்தால் நனைவதையும் வெயில் அடித்தால் காய்வதையும் தவிர அவற்றுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. அன்று காலை சிகர வானொலி அன்பர்கள் சங்கத்தின் வரைபடக் குழு கூடி, நானூற்றுப் பன்னிரண்டு மேடுகளுக்கு எண் கொடுத்து, அவற்றைச் 'சிகரங்கள்' என்று அறிவித்தது. மலைகளிடமிருந்து நன்றிக் கடிதம் எதுவும் வரவில்லை. சங்கம் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த மகத்தான பட்டியலைத் தயாரித்த வரைபடச் செயலாளர் அவளுடைய கணவர்.

அந்தச் சங்கத்தின் தொண்டு என்னவென்று தெரியாத துர்ப்பாக்கியசாலிகளுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமம் பெற்ற அன்பர் ஒருவர் வானொலிக் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு மலைமேல் ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து, கம்பியை நீட்டிக் கட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பார். எங்கெங்கோ வீட்டுப் பின்னறைகளில் காதுக்கருவியோடு உட்கார்ந்திருக்கும் மற்ற அன்பர்கள் பதில் சொல்வார்கள். குறைந்தது நான்கு பேராவது பதில் சொன்னால்தான் ஏறியது ஏறியதாகக் கணக்கு. மூன்றே பேர் சொன்னால், மூச்சு வாங்கியதும் முட்டி தேய்ந்ததும் ஏறியவரின் சொந்த விஷயம்.

எது மலை, எது மலையில்லை என்று தீர்ப்பளிப்பது அவள் கணவரின் வேலை. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவிலுள்ள தாழ்வுக்கு மலையின் 'கழுத்து' என்று பெயர். கழுத்திலிருந்து தலை நூற்றைம்பது மீட்டர் உயர்ந்திருந்தால் அது சிகரம். நூற்று நாற்பத்தொன்பது என்றால் தள்ளுபடி. அப்படித் தள்ளுபடியான மேடுகள் அறுபத்தேழு. அவற்றில் பதினொன்று பெரியவை, பார்ப்பவர்கள் பயப்படும்படியானவை. செயலாளர் கொஞ்சமும் தயங்காமல் அடித்துவிட்டார். இவ்வளவுக்கும் அவர் எந்த மலையிலும் ஏறியதில்லை.

"ஏறுறது யார் வேணா ஏறலாம். மலையை மலையாக்குறதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார்.

அந்த ஆக்கல் தொழில் சாப்பாட்டு மேசையில் நடந்தது. பதினெட்டு மாதங்களாக அந்த மேசைமேல் வரைபடங்கள். புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு சிகரங்களின் உயரமும் அவருக்கு மீட்டர் பிசகாமல் மனப்பாடம். மனைவி பதினொரு வருஷமாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடம் எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். அதற்கு வரைபடம் இல்லை.

அவள் ஒன்றும் அந்தத் துறைக்கு அந்நியமானவள் அல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் வானொலி உரிமத் தேர்வு எழுதினாள். காதுக்கருவி மாட்டிய ஒரு முதுகையே பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கமாகப் போய் நின்றாலாவது இந்த மனிதர் முகம் தெரியுமா என்று ஓர் ஆசை. தொண்ணூற்றொன்று வாங்கினாள். அவர் தம் காலத்தில் அறுபத்து நான்கு வாங்கியிருந்தார்.

"எங்க வருஷம் பேப்பர் ரொம்பக் கஷ்டம்" என்று பாராட்டினார்.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது. நான்கு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் வேறோர் ஊரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே பரிசோதனைக்கூடம் முழுவதும் அவள் பொறுப்பு. வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு வாரத்துக்குள், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் பெரிய டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனிலேயே குதித்தாள். "போம்மா! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அப்பாட்டயா? அப்ப நீ மலையாத்தான் பொறக்கணும்."

அவள் அனுமதி கேட்கவில்லை. ஒரு வார்த்தைதான் கேட்டாள். 'போ' என்றால் போகலாம். 'நீ இல்லாம எப்படி?' என்றால், இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இருந்துவிடவும் அவள் மனம் தயார். இரண்டில் ஒன்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவ்வளவுதான்.

"என்னங்க, ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." பூதக்கண்ணாடி அசையவில்லை.

"பெரிய டாக்டர் கூப்பிட்டாங்க. புது ஆஸ்பத்திரியில லேபை முழுசா என் பொறுப்புல..."

"தலைதான் பிரச்சினை."

"யாருக்கு?"

"இருநூத்திப் பதிமூணுக்கு."

அவள் கடிதத்தையே எடுத்துவந்து வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். மறுநாள் அதன் பின்பக்கத்தில் 213-இன் பக்கவாட்டுத் தோற்றம் பென்சிலால் அழகாக வரையப்பட்டிருந்தது. பஸ் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவில் இருப்பவருக்குக் கோடு போடுவதில் கை சுத்தம். அவள் ஏறிப்போக வேண்டிய ஆறு பத்து பஸ்ஸின் நேரத்தைப் போட்டவரும் அவரேதான்.

இருநூற்றுப் பதின்மூன்றின் சிக்கல் சாதாரணமானதல்ல. அந்த மலைக்கு உச்சி இரண்டு. வடக்கு மேடு ஒன்று, தெற்கு மேடு ஒன்று, நடுவே முப்பது தப்படி. வரைபடத்தில் உயரக்கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்றாகத்தான் போடப்பட்டிருக்கின்றன. இரண்டு மேடுகளும் கடைசிக் கோட்டுக்குள்ளேயே ஒடுங்கிவிட்டன. எது உயரம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் எப்படி எண் கொடுப்பது? எண் கொடுத்தாயிற்று. எனவே எப்படித் தெரிந்துகொள்ளாமல் இருப்பது?

குழு மூன்று மாதமாக இதை விவாதித்தது. சங்கத் தலைவர் பல் டாக்டர். அதனால் கூட்டங்கள் ஞாயிறுதோறும் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடக்கும். சுவரில் வெட்டிக் காட்டிய கடைவாய்ப் பல்லின் படம். அதற்குக் கீழே உறுப்பினர்கள். வடக்கு அணி நான்கு பேர், தெற்கு அணி நான்கு பேர். தலைவர் தெற்கு. வரைபடத்தில் தெற்கு மேட்டின்மேல் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். நில அளவைக்காரர்கள் உச்சியில் வைக்கும் புள்ளி அதுவேதான் என்பது அவர் வாதம்.

வடக்கு அணியின் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் கடையிலேயே பவர் அதிகமான கண்ணாடியைக் கொண்டுவந்து அந்தப் புள்ளியைப் பரிசோதித்தார். பரிசோதித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், இது அச்சுல இல்ல. மேல ஒட்டியிருக்கு."

"அப்படின்னா?"

"ஈ போட்டது."

தலைவர் அசரவில்லை.

"எந்த ஈயும் காரணமில்லாம ஒரு எடத்துல உக்காராது" என்றார்.

தெற்கு அணி கைதட்டியது. கடைசியில், யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். இப்படி ஒரு வழி இருப்பது மூன்று மாதமாக யாருக்கும் தோன்றவில்லை. ஆராய்ச்சி அவ்வளவு ஆழமாகப் போயிருந்தது. தலைவர் உட்பட எட்டு பேரும் செயலாளரும் அவரவர் முட்டியைத் தடவிக்கொண்டார்கள்.

"எனக்கு இடுப்பு" என்றார் ஒருவர்.

"எனக்குச் சர்க்கரை."

"எனக்கு... எனக்கு அன்னிக்கு ஒரு கல்யாணம்." எந்தத் தேதி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அவள் அந்த அறையில்தான் இருந்தாள். 'குடும்ப உறுப்பினர்' என்ற வகையில், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய முகம்கூடத் திரும்பியது.

"ஆனா ஒண்ணு. மேலேருந்து நான் பேசுவேன். இவரு கேக்கணும்."

"கேக்காம என்னம்மா! அதுக்குத்தானே சங்கமே இருக்கு" என்றார் தலைவர். வெறும் வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், 'அம்மையார் சிகரத்திலிருந்து பேசுவதை வரைபடச் செயலாளர் கேட்பார்' என்று ஏகமனதாகத் தீர்மானமும் நிறைவேற்றப்பட்டது. செயலாளரே முன்மொழிந்தார். கணவர் மனைவி பேச்சைக் கேட்பதற்கு எழுத்து மூலமான உத்தரவாதம் வேறெந்தக் குடும்பத்தில் கிடைக்கும்?

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை. அதிகாலைப் பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கினாள். முட்செடி, சரளைக்கல், பாதி வழிக்குமேல் பாதையே இல்லை. முதுகில் கருவி, கையில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டம். இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தாள். நேரமில்லை. மூன்றரை மணிக்கு உச்சிக்கு வந்துவிட்டாள்.

தெற்கு மேட்டின்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்து, அதன் விளிம்பு வழியாக வடக்கு மேட்டைக் குறி பார்த்தாள். பிறகு அங்கே நடந்துபோய்ப் பாறையில் கைவைத்து அளந்தாள். வடக்கு மேடு ஒரு சாண் உயரம். மூன்று மாத விவகாரம் நாலு நிமிஷத்தில் தீர்ந்தது. ஒரு நிமிஷம் நின்று சுற்றிலும் பார்த்தாள். எல்லாப் பக்கமும் மலைகள், ஒன்றன்பின் ஒன்றாக நீலம் கரைந்துகொண்டு. அவற்றில் எத்தனைக்கு எண் உண்டு, எத்தனை தள்ளுபடி என்று பார்த்தால் தெரியவில்லை.

கம்பியைக் கட்டிக் கருவியைத் திறந்ததும் காற்றே கத்தியது. யாரும் தொடாத சிகரம் என்றால் அன்பர்களுக்கு உயிர். எல்லாரும் ஒரே நேரத்தில் பெயருக்குப் பதிலாகத் தத்தம் அழைப்புக்குறியைக் கூவினார்கள். அவள் ஒவ்வொருவராக எடுத்தாள்.

இந்த இடத்தில் அன்பர்களின் உயர்ந்த பண்பாடு ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். எதிர்முனையில் இருப்பவரின் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று குறிப்பெண் கொடுப்பது முறை. தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. மனிதர் மனம் புண்படக் கூடாது என்பதால் எல்லாரும் எல்லாருக்கும் எப்போதும் 'ஐந்து ஒன்பது' என்றே கொடுப்பார்கள்.

"உங்க குரல் ஐந்து ஒன்பது, ரொம்பப் பிரமாதம்" என்றார் முதல் அன்பர். "உங்க அழைப்புக்குறி என்ன? ஒண்ணுமே கேக்கல."

இப்படிப் பதினைந்து பேர். பதினாறாவதாக அவள் கணவர்.

"என்னங்க, நான்தான். நல்லாக் கேக்குதா? ஓவர்."

"ஐந்து ஒன்பது. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு. ஓவர்."

பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். மணி நாலே கால். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"புது ஆஸ்பத்திரியில லேப் பொறுப்பை எனக்குக் குடுக்கறாங்க. வேற ஊரு. அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க? ஓவர்."

"முழுசாக் கெடச்சுது. ஐந்து ஒன்பது. வடக்கா தெற்கா? ஓவர்."

"மேட்டை அப்புறம் சொல்றேன். நான் ஊரை விட்டுப் போகப்போறேங்க. போகட்டுமா, வேண்டாமா? ஓவர்."

"ஐந்து ஒன்பது, ரொம்பத் தெளிவு. வரிசையில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்கம்மா, சீக்கிரம். வடக்கா தெற்கா? ஓவர்."

காற்று அடித்துக் கம்பி ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வடக்கு. ஒரு சாண் ஒசரம்."

"என்னது? சரியாக் கேக்கல! இன்னொரு தடவை சொல்லு! எத்தனை சாண்? உன் சாணா, என் சாணா? நிதானமாச் சொல்லு, நான் எழுதிக்கறேன். ஓவர்!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் ஒன்றை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒரு சாண். என் சாண். நான் போகட்டுமா? ஓவர்."

"அற்புதம்! சங்கம் உனக்குக் கடமைப்பட்டிருக்கு. நன்றி, விடைபெறுகிறேன்."

பதினேழாவது குரல் கரகரவென்று வந்தது. கடலில் எங்கேயோ ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரர்.

"அம்மா, மன்னிக்கணும். இரைச்சல் ஜாஸ்தி, பாதிதான் கேட்டுது. வேலை கெடச்சிருக்குன்னா சொன்னீங்க? ஓவர்."

"ஆமாங்க" என்றாள்.

"நல்ல வேலையா?"

"நல்ல வேலைங்க. பதினோரு வருஷமா ஊசி குத்தற வேலைதான். இப்ப பொறுப்பு."

"சரி, உங்களுக்கு என்ன தோணுது? அவரு கெடக்கட்டும், நீங்க சொல்லுங்க. நான் இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க."

வரிசையில் காத்திருந்த அன்பர்கள் குறுக்கே புகுந்து கூச்சல் போட்டார்கள். சமையல்காரர் அசையவில்லை. அவர் நிஜமாகவே காத்திருந்தார்.

"போகணும்னு இருக்கு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாகத் தொண்டையில் இருந்தது என்று தெரிந்தது.

"அப்ப மலை மேல ஏறி ஊரைக் கேக்கணுமாம்மா? போயிட்டு வாங்க. ஐயோ, உலை பொங்குது, வரேன்!"

அவள் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துப் பெரிய டாக்டருக்குச் சம்மதம் சொன்னாள். பிறகு, பாவம் காத்திருக்கிறார்களே என்று மிச்சமுள்ள பதினைந்து பேரிடமும் ஐந்து ஒன்பது வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

புதன்கிழமை மாலை, கடைவாய்ப் பல்லின் கீழ், சரிபார்ப்புக் கூட்டம். முதல் ஏற்றம் என்றால் ஏறியவரின் கருவி எடுத்த ஒலிப்பதிவு முழுவதையும் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு தொடர்பும் செல்லுமா செல்லாதா என்று முடிவுசெய்வது விதி. அவள் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பெட்டி கட்டியாயிற்று. கூடத்தின் நடுவிலேயே வைத்திருந்தாள். செயலாளர் இரண்டு நாளாக அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு சாண் விஷயம் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அம்மையாரின் உழைப்பைத் தலைவர் வெகுவாகப் புகழ்ந்தார். வரைபடத்தில் இல்லாத சாணை ஏற்பது முன்னுதாரணமாகிவிடும் என்பதால் தெற்கு மேடே உயர்ந்தது என்று முடிவாயிற்று.

பிறகு ஒலிப்பதிவு ஓடியது. தலைவர் ஒவ்வொரு ஐந்து ஒன்பதுக்கும் ஒரு 'சரி' போட்டார். பதினாறாவது வந்தது. காத்திருப்பு அறை முழுக்க அவள் குரல் நிறைந்தது. *நான் ஊரை விட்டுப் போகப்போறேங்க. போகட்டுமா, வேண்டாமா?*

செயலாளரின் பேனா நின்றது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"நீ... எந்த ஊருக்கு?" என்றார் செயலாளர்.

"செயலாளரே, பதிவு ஓடிக்கிட்டிருக்கு. குறுக்க பேசாதீங்க" என்றார் தலைவர். "ஐந்து ஒன்பது மூணு தடவை குடுத்திருக்கீங்க. ஒண்ணு போதும். இருந்தாலும் செல்லும்."

அடுத்தது கரகரத்த குரல். அது கேட்ட கேள்வி, அது காத்திருந்த நேரம், அவள் சொன்ன பதில் எல்லாம் ஒன்றுவிடாமல் ஒலித்தன. முடிந்ததும் செயலாளர் மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். நேருக்கு நேர், முழு முகத்தோடு. அவளும் பார்த்தாள். பஸ் சனிக்கிழமைதான். ஒரு வார்த்தைக்கு இன்னும் இடம் இருந்தது. அவர் உதடு பிரிந்தது.

"இவரு குறிப்பெண் குடுக்கலையே" என்றார்.

"அட, ஆமா!" என்றார் தலைவர். மனைவி என்றும் பாராமல் கடமையைச் செய்த அவரது நேர்மையைக் குழு மேசையைத் தட்டிப் பாராட்டியது.

தீர்மானத்தைச் செயலாளரே தம் அழகான கையெழுத்தில் எழுதினார். சாட்சி என்ற முறையில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். தாளை வாங்கி, பேனாவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை படித்தாள்:

'சிகர எண் 213-இன் முதல் ஏற்றத்தில் நிகழ்ந்த முப்பத்திரண்டு தொடர்புகளில் முப்பத்தொன்று எல்லா வகையிலும் செல்லும். பதினேழாம் தொடர்பு மட்டும் செல்லாது. மேற்படி அன்பர் குறிப்பெண் எதுவும் வழங்கவில்லை. அந்த நேரம் முழுவதும் அம்மையார் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஒலிப்பதிவின் மூலம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கிறது.'